புதிய சிப் என்று வாங்கினேன், உள்ளே யாரோ எழுதிய நிரல் இருந்தது

ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகத் திரும்பும் மோட்டார்) டிரைவரைச் சொந்தமாகச் செய்யலாம் என்று கேல் 16வி8 சிப்புகளை (வேண்டிய தர்க்கத்தை நாமே எழுதிக்கொள்ளும், அழித்து மீண்டும் எழுதக்கூடிய சிப்) இணையத்தில் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். இருபது சிப் வாங்கினேன், ஐந்துதான் தேறின. அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் தப்பு என் பக்கம்தான் என்று நம்பி என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். பணம் போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தப்பு என் பக்கம் என்று நம்பக் காரணமும் இருந்தது. என்னுடைய முதல் வடிவமைப்பில் உண்மையிலேயே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மோட்டாரை அரை அரைப் படியாக நகர்த்தும் அரை ஸ்டெப் முறைக்கு எட்டு நிலைகள் வேண்டும். ஏ, ஏ-எதிர், பி, பி-எதிர் என்று (மோட்டாரின் இரண்டு சுருளுக்கும் இரு திசைகள்) நான்கு வெளியீடுகளையும் நான்கு ஃபிளிப்-ஃபிளாப்பில் (ஒரு 0 அல்லது 1ஐ நினைவில் வைக்கும் சுற்று) வைத்தால் 1000, 1010, 0010, 0110 என்று அவையே நிலைகளாகவும் ஆகிவிடும். தனியாகக் கவுன்டர் தேவையில்லை. 16வி8 சிப்பில் எட்டு மேக்ரோசெல் (ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பும் ஒரு வெளியீடும் கொண்ட பகுதி) இருப்பதால் பாதி மிச்சம். அழகாக வந்துவிட்டது என்று பூரித்துப்போய் எச்-பிரிட்ஜுடன் (மாஸ்ஃபெட் என்னும் மின்சுவிட்சுகளால் சுருளில் மின்னோட்டத்தை இரு திசையிலும் விடும் சுற்று) இணைத்து சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம்; இரண்டு மாஸ்ஃபெட் போய்விட்டன.

டேட்டாஷீட்டில் ஒரே ஒரு பத்தியில் காரணம் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் சிப்பின் உள்ளே இருக்கும் ரெஜிஸ்டர்கள், அதாவது அந்த ஃபிளிப்-ஃபிளாப்புகள், பூஜ்ஜியமாகும். ஆனால் அவற்றுக்கும் சிப்பின் காலுக்கும் (பின்) நடுவே 0ஐ 1 ஆக்கும் ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆகவே நீங்கள் எந்தப் போலாரிட்டி (நேர் அல்லது தலைகீழ் வெளியீடு) எழுதியிருந்தாலும் ரெஜிஸ்டர் வெளியீடுகள் எல்லாம் முதலில் உயர்நிலையில்தான் நிற்கும். எனக்கு 1111. ஏ, ஏ-எதிர் இரண்டும் ஒன்றாக இயங்கினால் பிரிட்ஜின் மேல், கீழ் மாஸ்ஃபெட்டுகள் ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கடத்தி மின்வழங்கியையே ஷார்ட் ஆக்கிவிடும். பிறகு 11ஆம் காலைப் பயன்படுத்தி, துடிப்புகளை அனுப்பும் கட்டுப்படுத்தி தயாராகும் வரை வெளியீடுகளைத் துண்டித்து வைத்தேன். துண்டித்திருக்கும்போது 0இல் நிற்க ஒவ்வொன்றுக்கும் ஒரு புல்-டவுன் மின்தடையும் போட்டேன். தவறான நிலை எதுவாக இருந்தாலும் அடுத்த துடிப்பில் 1010க்குத் திரும்பும்படி சமன்பாடுகளையும் மாற்றினேன். (இதை மட்டும் யாராவது முன்பே சொல்லியிருந்தால் இரண்டு மாஸ்ஃபெட் மிஞ்சியிருக்கும்.)

அதன் பிறகும் மோட்டார் சுற்றவில்லை. நாலு ஸ்டெப் போகும், நடுங்கும், ஒரு ஸ்டெப் பின்னால் வரும். மோட்டாரைக் கழற்றிவிட்டு நான்கு எல்இடி வைத்து, பொத்தானை அழுத்தி ஒவ்வொரு நிலையாகப் பார்த்தேன். 1000இல் தொடங்கி ஆறாவது நிலை 0101 ஆக இருக்க வேண்டும். சிப் குளிர்ந்திருந்தபோது அப்படித்தான் வந்தது. பத்து நிமிடம் ஓடி வெதுவெதுப்பானதும் அதே இடத்தில் மூன்றாவது எல்இடியும் மங்கலாக எரிந்தது. பிரிட்ஜ் இணைந்திருந்தால் இன்னும் இரண்டு மாஸ்ஃபெட்டுக்குக் கருமாதிதான். சிப்பில் நிரலை எழுதும் கருவியான புரோகிராமரோ எழுதியது சரி என்று பச்சை விளக்கு காட்டியிருந்தது.

பழைய பெட்டியில் வேறொரு வேலைக்கு வாங்கிய ஒரே ஒரு 16வி8 கிடந்தது. அதே கோப்பை அதில் எழுதினேன். ஒரு மணி நேரம் ஓடவிட்டும் எட்டு நிலைகளும் பிசகாமல் வந்தன. அப்போதுதான் சந்தேகம் சிப்பின் மேல் திரும்பியது.

மிச்சமிருந்த பதினேழு சிப்பையும் ஒவ்வொன்றாகப் புரோகிராமரில் வைத்து, எதுவும் எழுதாமல் படித்தேன். புதிய சிப் என்றால் வெறுமையாக இருக்க வேண்டும். ஏழில் ஏற்கெனவே நிரல் இருந்தது. அதில் ஒன்றின் அடையாளப் பகுதியில் ஐந்து எழுத்தும் ஒரு பதிப்பு எண்ணும். ஏதோ ஒரு கருவியின் பலகையிலிருந்து பிடுங்கி வந்த சிப். இந்த வகைக்கு 100 முறை அழித்து எழுதுவதற்குத்தான் உத்தரவாதம். ஏற்கெனவே எத்தனை முறை எழுதினார்கள், எந்தச் சூட்டில் சால்டரை உருக்கிப் பிடுங்கினார்கள், யாருக்குத் தெரியும்?

இன்னும் நான்கை புரோகிராமர் அடையாளமே காணவில்லை. ஐந்து வோல்ட் கொடுத்ததும் விரல் வைக்க முடியாத சூடு. நான் கேட்டிருந்த குறைமின் வகை 55 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. இவை 150ஐத் தாண்டின. 1978இல் வந்த, கேலுக்கு முந்தைய பிஏஎல் (PAL) வகைச் சிப்புகளின் பசி அது. அவையும் அதே இருபது கால்தான். ஆனால் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். மேலே அச்சிட்டிருந்த பெயர் மட்டும் கேல்.

பஞ்சில் அசிட்டோன் தொட்டு ஒன்றின் முதுகைத் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. மேல்பூச்சு கரைந்து, அடியில் தேய்த்த கோடுகளும் பழைய எழுத்தின் பாதியும் தெரிந்தன. இருபதிலும் ஒரே தேதிக் குறியீடு, ஆனால் முதல் காலைக் காட்டும் குழியோ மூன்று அளவுகளில். வந்த அன்றே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

விற்பவருக்குப் படங்களுடன் எழுதினேன். உங்கள் புரோகிராமர் பழையது என்று முதல் பதில். வேறு மென்பொருளில் பாருங்கள் என்று இரண்டாவது. வீடியோ அனுப்புங்கள் என்று மூன்றாவது, அனுப்பினேன். "எங்கள் பொறியாளர் பார்த்துவிட்டுச் சொல்வார்" என்றார்கள். பொறியாளர் பார்த்து முடிப்பதற்குள் தளத்தில் புகார் பதியும் கெடு முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாளிலிருந்து பதிலே இல்லை. ஒவ்வொரு பதிலும் பணிவாக இருந்ததால்தான் ஏமாந்தேன். நீங்கள் அவர்களோடு கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். முதல் கெட்ட சிப்பைப் பார்த்த நாளிலேயே தளத்தில் புகாரைப் பதிந்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

பொட்டலம் வந்ததும் எல்லாச் சிப்பையும் படித்துப் பாருங்கள், மின்னோட்டத்தை அளந்து பாருங்கள், ஒன்றையாவது அசிட்டோனால் துடைத்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அட்மெல் நிறுவனத்தின் (இப்போது மைக்ரோசிப்பின் கையில்) ஏடிஎஃப்16வி8 இதற்குப் பொருத்தமான மாற்று. அதை அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். ஆனால் புரோகிராமரில் தயாரிப்பாளரைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேலை உருவாக்கிய லாட்டிஸ் நிறுவனத்தின் சிப்புக்கு எழுதும் முறை இதற்கு ஒத்துவராது. வேகமான '7' வகை (7.5 நானோ வினாடி) என்று கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். வினாடிக்குச் சில ஆயிரம் துடிப்பு கேட்கும் மோட்டாருக்கு 25 நானோ வினாடியே தாராளம். அதோடு அந்த 7ஐயும் இதே மையில்தான் அச்சடித்திருப்பார்கள்.

தேறிய ஐந்தில் ஒன்று இப்போது இயந்திரத்தில் ஓடுகிறது. நேற்று அந்த விற்பனைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே படம், அதே தேதிக் குறியீடு. விவரத்தில் மட்டும் "ஒவ்வொன்றும் பரிசோதிக்கப்பட்டது" என்று புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.