நல்ஸ்கூலும் விண்டியும்: உப்புவெளிக் கரையில் வருடக்கணக்காகப் பாவித்த பிறகு

வெப்சைட் என்றால் ஆளை வாய் பிளக்க வைக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் தொழிலில் நிறையப் பேருக்கு உண்டு. ஸ்க்ரோல் பண்ணினால் மலை எழும்பும், மவுஸை அசைத்தால் மீன் கூட்டம் சிதறி ஓடும். பிரெஞ்சு டெவலப்பர் புரூனோ சைமனின் தளத்தில் ஒரு குட்டிக் காரை ஓட்டிக்கொண்டே அவர் செய்த வேலைகளைப் பார்க்கலாம். அருமையான வேலை, தெரிந்தவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பினேன், ஆனால் ஓட்டி முடித்த பிறகு திரும்ப அங்கே போக ஒரு காரணமும் இருக்கவில்லை. வருடக்கணக்காக நான் சலிக்காமல் திறப்பது இரண்டே தளங்கள்தான். இரண்டும் காற்றைக் காட்டுபவை: எர்த் நல்ஸ்கூல், விண்டி.

நாங்கள் இருப்பது திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில். எனக்குத் தொழில் வெப்சைட் செய்வது. மச்சானுக்குத் தொழில் படகு. சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வெளிநாட்டுக்காரரைப் புறாமலைத் தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் ஏற்றிக்கொண்டு போவான். அதனால் ஒரே திரையை நாங்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறோம். நான் நிறம், அசைவு, வேகம் என்று பார்ப்பேன், அவனுக்கு விடியக்காலையில் படகை இறக்கலாமா என்ற ஒன்று தெரிந்தால் போதும்.

முதலில் நல்ஸ்கூல். கேமரன் பெக்காரியோ என்ற மென்பொருள் பொறியியலாளர் 2013 டிசம்பரில் வெளியிட்டது. அதற்கு முந்தைய வருடம் பெர்னாண்டா வியேகாஸும் மார்ட்டின் வாட்டன்பெர்க்கும் அமெரிக்காவுக்கு மட்டும் ஒரு காற்று வரைபடம் செய்திருந்தார்கள், அதைப் பார்த்து வந்த யோசனைதான் இது என்று அவரே சொல்லியிருக்கிறார். கறுப்புப் பின்னணியில் உலக உருண்டை, அதன் மேல் ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகள் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே நடப்பது இவ்வளவுதான்: வரைபடத்தில் கண்டபடி புள்ளிகளைத் தூவுகிறார்கள், ஒவ்வொரு புள்ளியும் அந்த இடத்துக் காற்றின் திசையிலும் வேகத்திலும் கொஞ்சம் நகர்கிறது, போன தடம் மெதுவாக மங்குகிறது, சிறிது நேரத்தில் புள்ளியே செத்து வேறு இடத்தில் பிறக்கிறது. ஒவ்வொரு புள்ளியையும் எஸ்விஜி உருவமாக, அதாவது பிரௌசர் தனித்தனியாகக் கணக்கு வைக்கவேண்டிய பொருளாக, வைத்தால் அது திணறிவிடும், அதனால் கேன்வாஸ் என்ற ஒரே வெற்றுப் பரப்பில் நேரடியாகவே கீறுகிறார்கள். தரவு அமெரிக்காவின் நோவா என்ற கடல், வானிலை நிறுவனம் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஓட்டும் ஜி.எஃப்.எஸ் மாதிரியிலிருந்து, அதாவது வானிலையைக் கணித்துச் சொல்லும் கணினிக் கணக்கிலிருந்து, வருகிறது.

இந்த அசைவு வெறும் அலங்காரம் இல்லை என்பதை மச்சான் பார்க்கிற விதத்தில்தான் கண்டேன். ஒரு இடத்தைத் தொட்டால் காற்று எந்தப் பாகையிலிருந்து, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மூலையில் வரும். பாகையை அவன் திரும்பியும் பார்க்க மாட்டான். கோடுகள் மேற்கே கன்னியாப் பக்கமிருந்து கடலுக்கு இறங்கினால் கச்சான் காற்று, வடகிழக்கால் கரையை நோக்கி வந்தால் வாடை, அவ்வளவுதான். அம்புக்குறி போட்ட வரைபடத்தை நான் முன்பு காட்டியபோது "இது போற பக்கமோ வாற பக்கமோ?" என்று கேட்டவன், ஓடுகிற கோட்டைப் பார்த்து அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. வங்காள விரிகுடாவில் ஒரு சுழி உருவாகத் தொடங்குவதும் அப்படித்தான், வானிலை வரைபடத்தில் காற்றழுத்தத்தைக் காட்டும் சமஅழுத்தக் கோடு படிக்கத் தெரியாதவனுக்கும் கண்ணில் படும்.

மெனுவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மூலையில் 'எர்த்' என்று ஒரு சொல் இருக்கும், அதைத் தொட்டால்தான் உயரம், கடல் நீரோட்டம், அலை, தூசி எல்லாம் வரும். தொடலாம் என்று பார்த்தவுடன் விளங்காது. திரையைச் சுத்தமாக வைக்கிற ஆசை எனக்கு விளங்குகிறது, ஆனால் யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும் என்றால் அது கதவு இல்லாத வீடு. இன்னொரு பக்கம் பார்த்தால், இவர் செய்த ஒரு காரியத்தை நான் என் வேலைகளில் எல்லாம் திருடி வைத்திருக்கிறேன்: நீங்கள் எந்த நேரம், எந்த உயரம், எந்தக் கோணத்தில் பார்க்கிறீர்கள் என்பது முழுக்க முகவரியிலேயே எழுதப்பட்டுவிடும். லிங்க்கை வாட்ஸ்அப்பில் போட்டால் மறுபக்கம் திறப்பவரும் அதே காட்சியைத்தான் பார்ப்பார்.

விண்டி 2014இல் வந்தது. செக் நாட்டு ஐவோ லுகாசோவிச் தொடங்கியது. அவர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிற கைட் சர்ஃபிங் பைத்தியம், அது தளத்தில் தெரியும், கடலுக்குப் போகிறவன் என்ன கேட்பான் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். கீழே நேரக்கோடு, இழுத்தால் நாளை, நாளன்றைக்கு. அலை உயரம், அலை வரும் திசை, காற்று வீச்சு (திடீரென்று அடிக்கும் உச்சக் காற்று) எல்லாம் ஒரே பட்டியலில். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒரே இடத்துக்கு வேறு வேறு மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வசதி. ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி ஒன்று சொல்லும், ஜி.எஃப்.எஸ் இன்னொன்று சொல்லும், ஐகான் என்ற ஜெர்மன்காரரின் மாதிரி மூன்றாவது கதை சொல்லும். மூன்றும் ஒத்துப் போனால் நான் நம்புவேன். ஒத்துப் போகாத நாளில் மச்சான் வானத்தைப் பார்ப்பான், நான் வாயை மூடிக்கொள்வேன்.

சரி, இப்போது உண்மையான பிரச்சினை. இந்த இரண்டு தளங்களும் வடிவாக இருப்பதே அவற்றின் ஆபத்து. ஜி.எஃப்.எஸ் தரவு கால் பாகைக் கட்டங்களில் வருகிறது, எங்கள் அகலாங்கில் ஒரு கட்டம் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர். அதாவது கோட்டை, உட்துறைமுகம், உப்புவெளி, நிலாவெளி எல்லாம் சேர்ந்தே ஒன்று இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஐரோப்பிய மாதிரியின் 9 கிலோமீட்டர்க் கட்டம் பரவாயில்லை, ஆனாலும் போதாது. வாடைக் காலத்தில் டச்சு வளைகுடாவில் அலை கரையைப் போட்டு அடிக்கும், அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் உட்துறைமுகத் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம்தான். கட்டம் கட்டமாகவே காட்டியிருந்தால் "ஓ, இவ்வளவுதான் தெரியுமா" என்று கண் உடனே பிடித்திருக்கும். இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்பி, நிறத்தை இழைத்து, கோடுகளை மெழுகுபோல ஓட விட்டவுடன், எங்கள் ஒழுங்கைக்குள் வீசுகிற காற்றுக்கூட அதற்குத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பெரிதாக்கப் பெரிதாக்க விவரம் கூடுவதில்லை, வழவழப்புத்தான் கூடுகிறது. பெரிதாக்குவதை ஒரு அளவோடு நிறுத்தவோ, கட்டத்தின் எல்லையை மெல்லிய கோட்டில் காட்டவோ ஒரு பொத்தான் இருந்தால் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

நிறத்திலும் எனக்கு ஒரு முறைப்பாடு. காற்று வேகத்துக்கு நீலம், பச்சை, சிவப்பு, ஊதா என்று வானவில் பிடிக்கிறார்கள். வேகம் சீராகக் கூடினாலும் நிறம் மாறுகிற இடத்தில் ஏதோ சுவர் நிற்பது போலக் கண்ணுக்குப் படும். சிவப்பு பச்சை பிரிக்கத் தெரியாதவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தபோது காற்று மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர். அன்றைக்கு முழுக்க எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஊதா நிறச் சுழிதான். இந்தத் தளங்களின் முழுப் பலமும் தொட்டுப் பார்க்கலாம், நேரத்தை நகர்த்தலாம் என்பதில் இருக்கிறது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தவுடன் அது அவ்வளவும் போய்விடும். எந்த நேரத்து முன்னறிவிப்பு, எந்த மாதிரி, எந்த உயரத்துக் காற்று, ஒன்றும் தெரியாது. தரைக்கு மேல் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் படத்தை வீட்டு வாசலில் வீசப்போவதாகச் சொல்லிப் பரப்பினார்கள். மாமி பயந்துபோய் அரிசி மூட்டையை மேல்தட்டில் ஏற்றிவிட்டா. வடிவமைப்பாளராக எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு: படத்தின் நடுவிலேயே, வெட்டினாலும் போகாத மாதிரி, திகதியும் நேரமும் பதியவேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பு வெறும் எழுத்தாகத்தான் வந்தது, ஆனால் அதில் வெளியிட்ட நேரம் இருந்தது.

இதற்கு நேரெதிராக இங்கே ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம், தன் விவரங்களைக் காட்ட ஒரு டாஷ்போர்ட் திறந்தது. எண்கள் பூச்சியத்திலிருந்து ஓடி ஓடி ஏறும், வட்ட வரைபடம் சுற்றிக்கொண்டு வந்து நிற்கும். பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் திறந்தால் சுற்றுவது மட்டும்தான் தெரியும். அந்த எண்களை அப்படியே ஒரு அட்டவணையாகப் போட்டிருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். எண்ணிக்கையை ஓட விட்டு யாருக்கு என்ன லாபம்? காற்று ஓடுகிற பொருள், அதை ஓட விடுவதில் அர்த்தம் உண்டு.

போனில் டேட்டா எவ்வளவு செலவாகும் என்று கேட்பார்கள் என்று தெரியும். காற்றின் கிழக்கு மேற்கு அளவை ஒரு படத்தின் சிவப்பாகவும் வடக்கு தெற்கு அளவைப் பச்சையாகவும் மாற்றி, ஒரு சாதாரணப் படக் கோப்பாக அனுப்பிவிட்டு, போனின் கிராஃபிக்ஸ் சிப்பிலேயே கோடுகளை ஓட்டுகிற ஒரு வழி உண்டு. காற்று வரைபடங்கள் பழைய போனிலும் ஓடுவதற்கு இப்படியான கெட்டித்தனங்கள்தான் காரணம். ஆனால் அசைவு நிற்காமல் ஓடுவதால் பற்றரி கெதியாக இறங்கும். படகில் போகும்போது நான் விண்டியில் அசைவை நிறுத்திவிட்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மச்சானுக்கு இப்போது நல்ஸ்கூல் வேண்டாமாம், விண்டி போதுமாம். எனக்கு இரண்டும் வேண்டும். வங்காள விரிகுடா முழுவதும் என்ன நடக்கிறது என்று பார்க்க நல்ஸ்கூல், நாளைக்கு எத்தனை மணிக்கு என்று பார்க்க விண்டி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: குறியை ஊரின் பெயர் மேல் வைக்காதீர்கள். கரையோரக் கட்டம் பாதி நிலம் என்பதால் அங்கே காற்று குறைவாகக் காட்டும். மூதூர்க்காரர் என்றால் கொட்டியாரக்குடாவின் வாயில், உப்புவெளி நிலாவெளிக்காரர் என்றால் புறாமலைக்கும் வெளியே, நல்ல கடலுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ஐரோப்பிய மாதிரியைத் தெரிவு செய்து, சராசரிக் காற்றை விட்டுவிட்டு வீச்சு வரியை வாசியுங்கள்.