மூன்று வருடத்துக்குப் பிறகு: ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் வாட்ஸ் பொருத்தம்

காரில் ஆம்ப் (ஒலியின் சக்தியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) போட்டு மூன்று வருடம் முடிந்துவிட்டது. நான்கு சேனல் ஆம்ப், முன்னால் ஒரு ஜோடி கம்போனென்ட் ஸ்பீக்கர் (ட்வீட்டர் தனியாக வருவது), டிக்கியில் ஒரு சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்). தினமும் ஓடுகிறது, இதுவரை எதுவும் கருகவில்லை. இதற்கு முன் இதே காரில் எட்டே மாதத்தில் ஒரு ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போனது, அப்போது ஆம்பே கிடையாது!

அந்த ஸ்பீக்கர் 75 வாட்ஸ் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து 75 வாட்ஸ், தாங்கும். ஹெட் யூனிட் (டாஷ்போர்டில் உள்ள ஸ்டீரியோ) வந்த பெட்டியில் "50 வாட்ஸ் x 4" என்று இருந்தது. குறைந்த வாட்ஸ்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அந்த 50 உச்ச அளவு. தொடர்ந்து தருவது சேனலுக்கு 20 வாட்ஸ் பக்கம்தான். நெடுஞ்சாலை இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமே என்று வால்யூமை ஏற்றினால் அதன் சக்தி தீர்ந்துபோய் ஒலி அலையின் மேலும் கீழும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதுதான் கிளிப்பிங். முழுக்கச் சதுரமாகிவிட்ட அலையில், அதே உயரமுள்ள, வெட்டுப்படாத சைன் அலையைவிட இரண்டு மடங்கு சக்தி இருக்கும். அதோடு அந்த வெட்டில் உண்டாகும் உயர் அதிர்வெண்கள், ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரைத் தாண்டி நேராக ட்வீட்டருக்குத்தான் போகும். கழற்றிப் பார்த்தபோது முடியளவு மெல்லிய காயில் கம்பி கறுத்திருந்தது, கருகிய வார்னிஷ் வாசனை வேறு.

அதனால் ஆம்ப் வாங்கும்போது ஆர்எம்எஸ் எண்ணை மட்டும்தான் பார்த்தேன்: 4 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் தரும் மின்தடை) சேனலுக்கு 75. ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ்ஸுக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ இருப்பதே நல்லது என்பது என் அனுபவம், கெயினைச் சரியாக வைக்கத் தெரிந்தால்.

கெயின் என்பது வால்யூம் இல்லை. ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்பின் உள்ளீட்டைப் பொருத்தும் திருகு அது. முதல் நாள் சத்தம் கூடுகிறதே என்று நானும் முழுசாகத் திருப்பினேன், வால்யூம் பாதியைத் தாண்டும் முன்பே பாட்டு கரகரத்தது. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 75 x 4 = 300, வர்க்கமூலம் சுமார் 17.3 வோல்ட். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி, பேஸ் பூஸ்ட் (பேஸைக் கூட்டும் வசதி) எல்லாவற்றையும் பூஜ்ஜியத்தில் வைத்து, வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, சைன் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் ஏசி 17.3 காட்டும்வரை மெதுவாகத் திருப்பினேன். அன்று வைத்த கெயினை இன்றுவரை தொடவில்லை. பேஸ் பூஸ்ட்டையும் ஏற்றுவதில்லை. 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் நான்கு மடங்கு சக்தி கேட்கும்.

சப்வூஃபரில்தான் தடுக்கி விழுந்தேன். முதலில் வாங்கியது இரட்டை 4 ஓம் காயில், பேரலலில் இணைத்தால் 2 ஓம். பின்பக்க ஸ்பீக்கர்களுக்கான இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாகச் சேர்த்து சப்வூஃபருக்குக் கொடுத்திருந்ததால் ஒவ்வொரு சேனலும் 1 ஓமைத்தான் பார்த்தது. என் ஆம்ப் 2 ஓமுக்குக் கீழே போனால் தாங்காது, பேஸ் விழுந்த உடனே புரொடெக்ட் (பாதுகாப்பு) விளக்கு எரிந்து ஆம்ப் நின்றுவிட்டது. சீரிஸில் போட்டால் 8 ஓம், சக்தி குறைந்துவிடும். கடைசியில் இரட்டை 2 ஓம் காயிலுக்கு மாற்றி சீரிஸில் 4 ஓம் ஆக்கிய பிறகுதான் நிம்மதி.

இரண்டாவது வருடம் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு ஊளைச் சத்தம் கூடவே ஏறியது. ஆம்பைச் சந்தேகித்தேன், ஆனால் கோளாறு எர்த் போல்ட்டில்: அடியில் துரு. பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கினேன், போய்விட்டது. பவர் வயரின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

மறுபடி வாங்கினால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை (கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை) முதலில் பார்ப்பேன். என்னுடையது 88 டெசிபல். 91 உள்ளதை எடுத்திருந்தால் இதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும், ஆம்பும் இவ்வளவு சூடாகாது.