ஒரே கதை, இரண்டு படங்கள்: 1934-உம் 1959-உம்

ஃபேனி ஹர்ஸ்ட் 1933-இல் வெளியிட்ட நாவலை யுனிவர்சல் நிறுவனம் கால் நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை படமாக்கியது. 1934-இல் ஜான் ஸ்டாலும் 1959-இல் டக்ளஸ் சர்க்கும் இயக்கிய 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' இரண்டிலும், கணவன் துணையற்ற ஒரு வெள்ளைத் தாயும் ஒரு கறுப்பினத் தாயும் தத்தம் மகள்களோடு ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். வெளுத்த நிறத்தோடு பிறந்த கறுப்பினத் தாயின் மகள், தன்னை வெள்ளைக்காரியாகக் காட்டிக்கொள்ளத் தாயையே மறுக்கிறாள். பின்னால் வந்த படம்தான் முற்போக்கானது என்று எவருக்கும் தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த எனக்கு அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

முந்தைய படத்தில் கறுப்பினத் தாயான டெலைலாவின் பான்கேக் பக்குவம்தான் முதலாளியம்மாவைச் செல்வந்தராக்குகிறது. மாவுப் பெட்டியில் அச்சாவதும் டெலைலாவின் சிரித்த முகம்தான். ஆயினும் நிறுவனத்தில் இருபது விழுக்காடு பங்கு தருவதாகச் சொல்லும்போது, தனி வீடு வேண்டாம், உங்களைக் கவனித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்று அவர் கெஞ்சுகிறார். கறுப்பினக் கவிஞர் ஸ்டெர்லிங் பிரௌன் 1935-இலேயே இதைக் கடுமையாகச் சாடினார். அந்தச் சாடல் முற்றிலும் நியாயமானது. ஆனாலும் இரவில் இருவரும் விடைபெறும்போது ஒருவர் படியேறி மாடிக்கும் மற்றவர் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்கும் போவதை ஒரே சட்டகத்தில் காட்டும் இயக்குநர் ஸ்டாலுடைய ஒளிப்படக்கருவி, வசனம் சொல்லத் துணியாததைச் சொல்லிவிடுகிறது.

1959-இன் படம் இந்தச் சங்கடத்தைத் தீர்க்கவில்லை. அதைக் கதையிலிருந்தே நீக்கிவிட்டது. லானா டர்னர் ஏற்ற வெள்ளைத் தாயின் பாத்திரம் இங்கே நாடக நடிகை. கறுப்பினத் தாயான ஆனி அந்த வீட்டைப் பராமரிப்பவர் மட்டுமே. பக்குவமும் இல்லை, பங்கும் இல்லை. ஆகவே ஒரு கறுப்பினப் பெண்ணின் உழைப்பின் பயன் யாருக்குப் போகிறது என்ற கேள்வியும் இல்லை. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

அதற்கு ஈடாக சர்க் கொடுப்பதும் சிறிதன்று. ஆனிக்குத் திருச்சபை உண்டு, சங்கம் உண்டு, நண்பர்கள் உண்டு. உனக்கு நண்பர்கள் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லையே என்று எஜமானி வியக்கும்போது, நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லையே என்று ஆனி அமைதியாகப் பதில் சொல்லும் அந்த ஒரு நொடியில், அதுவரை எஜமானியின் வெற்றியையே பின்தொடர்ந்து வந்த பார்வையாளரும் குற்றவாளியாகிறார். மகள் சாரா ஜேனின் மறுப்புக்கும் இங்கே வலுவான காரணம் இருக்கிறது: அவள் பிறப்பை அறிந்த காதலன் அவளைத் தெருவில் அடித்து வீழ்த்துகிறான். முந்தைய படத்தில் அதே மகளாக வரும் பியோலாவுக்கு இப்படி வெளிப்படையான வன்முறை நேர்வதில்லை என்பதால், சமூகம் விளைவித்த வேதனை அவளுடைய மனக்குறைபோலத் தோன்றிவிடுகிறது.

ஆனால் அந்தப் பியோலாவாக நடித்தவர் ஃப்ரெடி வாஷிங்டன், உண்மையாகவே கறுப்பினத்தவர். கறுப்பர் வெள்ளையர் கலப்பைத் திரையில் காட்டக்கூடாதென்ற ஹேய்ஸ் விதிகள் எனும் ஹாலிவுட் தணிக்கை விதிகள் இறுகிய அதே ஆண்டில், விதிகளைக் காத்த ஜோசப் பிரீனின் எதிர்ப்பையும் மீறி, அந்த முகம் திரைக்கு வந்தது. நிறத்தைக் கண்ணால் அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கையை உடைக்க அதுவே போதுமானதாயிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, விதிகள் தளர்ந்த பின்னர், சாரா ஜேனாக நடிக்க வைக்கப்பட்டவர் சூசன் கோனர். மெக்சிகோ நடிகை லுப்பிட்டா தோவாரின் மகள். அவர் நடிப்பில் குறையில்லை. ஆயினும் கறுப்பினப் பெண்ணின் வலியைத் திரையில் காட்ட முன்வந்த நிறுவனம், அந்த வேடத்தைக் கறுப்பின நடிகை ஒருவருக்குத் தரவில்லை. பிரதிநிதித்துவம் என்ற அளவில் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இதனாலேயே நான் 1934-ஐத் தேர்ந்தெடுப்பேன்.

ஃப்ரெடி வாஷிங்டன் வெள்ளைக்காரியாகக் காட்டிக்கொண்டு வாழ மறுத்தவர். 1937-க்குப் பிறகு அவர் திரைப்படங்களில் நடிக்கவில்லை. அதே ஆண்டில் கறுப்பின நடிகர்களுக்கான சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரானார். ஆனியாக நடித்த ஹுவானிடா மூர் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்; அதன்பின் அவருக்கு அதற்கிணையான வேடம் எதுவும் கிடைக்கவில்லை.