மெஷினில் ஏற்றும் முன் கையால் பார்க்கும் அலைன்மென்ட் கடை

கோவை சிங்காநல்லூர் பக்கம் உள்ள இந்தக் கடைக்குப் பெரிய போர்டெல்லாம் கிடையாது. என் பழைய வேகன்ஆர் இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. வேறொரு இடத்தில் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்து அமைப்பது) செய்து, எல்லா அளவும் சரி என்று பச்சையாக வந்த ரிப்போர்ட்டும் கையில் இருந்தது. இழுப்பு மட்டும் போகவில்லை.

இங்கிருக்கும் அண்ணன் முதலில் மெஷின் பக்கமே போகவில்லை. நான்கு டயரிலும் காற்று பார்த்தார். முன் டயர்களின் மேல் குறுக்காகக் கையை ஓட்டினார். ஒரு திசையில் வழவழ, திரும்பி வரும்போது சொரசொர என்றால் பெரும்பாலும் டோ கோளாறு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவில் தப்பு. அப்படி இல்லை. அப்புறம் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை இடவலமாக ஆட்டி, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டைப் பார்த்தார், மேலும் கீழுமாக ஆட்டி, சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்டைப் பார்த்தார். இரண்டிலும் ஆட்டம் இல்லை.

கடைசியாக முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டச் சொன்னார். வண்டி இப்போது வலது பக்கம் இழுக்கிறது! கோளாறு டயரில்.

“ரோடு இடப்பக்கம் சரிவா இருக்குமுங்க சார், லேசா அந்தப் பக்கம் போனா நார்மல். வலது இழுத்தா ரோட்டு மேல பழி போட முடியாது” என்றார்.

புது டயர் போட்டபின் மெஷினில் ஏற்றி டோ மட்டும் சரிசெய்தார். இந்த வண்டியில் முன்பக்க கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) தனியே திருக வசதி இல்லை. அதற்கென்று யாராவது காசு கேட்டால் உஷார்.

உட்கார நிழல் கிடையாது. சனிக்கிழமை கூட்டம் அதிகம், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள்.