எங்கள் வார்டின் பகுதி சபை: ஒரு மதிப்பீடு

கடையையும் உணவகத்தையும் மதிப்பிடுகிற நாம், வரி செலுத்திப் பெறும் சேவையையும் மதிப்பிடலாம். 2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தையொட்டித் தமிழக நகர்ப்புறங்களில், வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதியின் தேவைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் நடத்தப்பட்டன. கன்னியாகுமரி மாவட்டத்தின் சிறு நகரொன்றில் வசிக்கும் நான், அதன்பின் எங்கள் வார்டில் நடந்த கூட்டங்களுக்குத் தவறாமல் சென்று வருகிறேன்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில், சானல் (கால்வாய்) அடைபட்டால் தெருவே குளமாகிவிடும். எங்கள் தெருவில் எந்த மதகில் பிளாஸ்டிக் குப்பை தேங்குகிறது, எந்த வளைவில் தென்னமட்டைகள் சிக்குகின்றன என்பதைக் குடியிருப்போரே தாளில் வரைந்து கொடுக்க, கவுன்சிலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பொறியாளருடன் மழைக்கு முன்பே நடந்து பார்த்தார். அந்த ஒரு நடைக்கே நான்கு நட்சத்திரம் தருவேன்.

தெருவிளக்கு விஷயத்தில் அனுபவம் சுமார்தான்; மூன்று கூட்டங்களில் ஒரே மனுவைக் கொடுக்க நேர்ந்தது. தீர்மானங்களின் நகலைக் கேட்டால் மட்டுமே தருவதும் குறையே.

பொதுமக்கள் பங்களிப்புடன் பணிகள் நடக்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் குளக்கரையைச் சீரமைக்கலாம் என்று கடந்த கூட்டத்தில் பேச்சு எழுந்தது. பணம் என்றதும் அரங்கில் பாதிப்பேர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கியதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.