கடலடிச் சேறு: கவ்வி எடுப்பதா, குழாய் இறக்குவதா?

கப்பல் கால்வாயைத் தூர்வாரும் முன் அடியிலுள்ள சேற்றில் நஞ்சு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மாதிரி எடுக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள்.

ஒன்று கிராப். இரண்டு தாடை கொண்ட இரும்பு வாளி. தரையைத் தொட்டதும் ஒரு வாய் சேற்றைக் கவ்விக்கொண்டு மேலே வரும். சின்னப் படகு போதும், ஒரே நாளில் பல இடங்களில் எடுத்துவிடலாம். ஆனால் கிடைப்பது மேலே உள்ள 10, 20 சென்டிமீட்டர்தான். தாடையிடுக்கில் ஒரு கல் சிக்கினால் மெல்லிய களிமண் வழிந்துவிடும். பாதரசமும் ஈயமும் ஒட்டியிருப்பது அதில்தானே!

இன்னொன்று வைப்ரோகோர். அதிர்ந்துகொண்டே இறங்கும் குழாய், சில மீட்டர் ஆழம்வரை அடுக்கடுக்காகச் சேற்றை எடுத்து வரும். கிரேன் உள்ள கப்பல் வேண்டும், செலவும் அதிகம்.

சரி, அந்தச் செலவு தேவையா? கப்பலின் அடிப்பாகத்தில் பூசப்பட்ட, டிரைபியூட்டைல்டின் என்ற நஞ்சு கலந்த பெயின்டுக்கான உலகளாவிய தடை 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் உதிர்ந்தது இன்று புது வண்டலுக்கு அடியில் கிடக்கலாம். கிராப் மாதிரி ‘சுத்தம்’ என்று சொல்லும். இரண்டு மீட்டர் வெட்டும்போது பழைய நஞ்சு கிளம்பும்.

ஆகவே புதிதாக ஆழப்படுத்தும் வேலைக்குக் குழாய்தான். ஆண்டுதோறும் படியும் வண்டலை மட்டும் அள்ளுவதென்றால், பக்கத்தில் ஆலைக்கழிவு கலக்காதவரை, கிராப் போதும் என்பேன். குழாயிலும் ஒரு தொல்லை உண்டு: உள்ளே சேறு அமுங்கிவிடும். மூன்று மீட்டர் இறக்கினால் மூன்று மீட்டர் மாதிரி வரும் என்று கணக்குப் போடாதீர்கள்.