கார்பன் ஃபுட்பிரிண்ட் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் 9 வருடமாகக் கம்ப்ளையன்ஸ் பார்க்கிறேன். சம்பளப் பதிவேடு, ஓவர்டைம், ஃபயர் லைசென்ஸ் எல்லாம் எனக்கு அத்துப்படி. 2024 தொடக்கத்தில் எங்கள் ஐரோப்பிய பையரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. அடுத்த சீசன் ஆர்டர் பேசுவதற்கு முன்னால் கம்பெனியின் ஒரு வருட கார்பன் கணக்கு, அதாவது எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகிறோம் என்ற கணக்கு வேண்டுமாம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இதையும் நீயே பாத்துடு" என்றார்.

எனக்கு அதில் ஆனா ஆவன்னா தெரியாது. அந்த நேரம் பார்த்து ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் வந்தது. கோவையில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் பயிற்சி, முடிவில் ஐஎஸ்ஓ 14064 (கார்பன் கணக்குக்கான சர்வதேசத் தர நெறி) சான்றிதழ், ஆயுள் முழுக்கச் செல்லும், திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ். 38,000 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 44,840. கம்பெனி கணக்கில் கேட்கச் சங்கடப்பட்டு என் சேமிப்பிலிருந்துதான் கட்டினேன். ரசீது வந்தது. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை. வரி வாங்கியிருக்கிறார்கள், எண் மட்டும் கிடையாது. அன்றைக்கே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

மொத்தம் 60 பேர் வந்திருந்தார்கள். பாதிப்பேர் என் மாதிரி எக்ஸ்போர்ட் ஆட்கள், மீதி பவுண்டரி, ஸ்பின்னிங் மில், வேலை தேடும் இன்ஜினியரிங் பிள்ளைகள். முதல் நாள் மதியம் வரை பனிப்பாறை உருகும் வீடியோவும் பாரிஸ் ஒப்பந்தமும்தான் ஓடின. பிறகு ஸ்கோப் 1, 2, 3 என்று கார்பன் கணக்கின் மூன்று பிரிவுகள். நாம் எரிப்பது 1, வாங்கும் மின்சாரம் 2, மற்றதெல்லாம் 3. அவ்வளவுதான் விளக்கம். ஸ்கோப் 3-க்குள் 15 வகை இருக்கிறது. அதை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். டையிங்கை நாங்கள் வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிறோம், அதை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டேன். "வெளியே நடப்பது உங்கள் கணக்கில் வராது மேடம்" என்றார் டிரெய்னர். அது தப்பு. வெளியே கொடுக்கும் வேலை ஸ்கோப் 3-இல் வாங்கும் பொருள், சேவை என்ற முதல் வகையிலேயே வருகிறது. பனியன் தொழிலில் நூலும் சாயமும்தான் கார்பனில் பெரும் பங்கு. அதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது தையல் மெஷினும் அயர்ன் பாக்ஸும்தான்.

இரண்டாம் நாள் ஒரு எக்செல் ஷீட் கொடுத்தார்கள். ஈபி பில் யூனிட்டைப் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் டன் வந்து விழும். அதைப் பார்த்து எல்லோரும் கை தட்டினோம். பரீட்சை 20 கேள்வி, ஆன்லைனில். விடைகள் முந்தைய நாள் இரவே வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டன. இரண்டாம் நாள் வராத ஒரு பையனுக்கும் 92 மார்க். சான்றிதழில் தங்க நிற பார்டர், ஐஎஸ்ஓ முத்திரை, ஒரு கியூஆர் கோடு. ஸ்கேன் செய்தால் அவர்கள் வெப்சைட்டுக்கே போகிறது.

ஐஎஸ்ஓ யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தர நெறிகளை எழுதி வெளியிடுவது மட்டும்தான் அவர்கள் வேலை. கம்பெனிகளின் கார்பன் கணக்கைச் சரிபார்க்கும் அமைப்புகளுக்கு இந்தியாவில் என்ஏபிசிபி என்ற தேசிய வாரியம் அங்கீகாரம் கொடுக்கிறது. அதுகூட அமைப்புக்குத்தான், இரண்டு நாள் உட்கார்ந்து எழுந்த தனி ஆளுக்கு இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சரி, கணக்குக்கு வருகிறேன். எங்கள் ஃபேக்டரிக்கு வருடம் 4,80,000 யூனிட் கரண்ட். ஷீட்டில் போட்டேன், 99 டன் என்று வந்தது. கையெழுத்துப் போட்டு பையருக்கு அனுப்பினேன். மூன்றாவது வாரம் அவர்களுடைய பெங்களூர் ஆபீஸிலிருந்து வீடியோ கால். என் பக்கத்தில் முதலாளி. அந்தப் பக்கம் ஒரு பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

"மேடம், உங்க ஃபேக்டரி திருப்பூர்லதானே இருக்கு?"

"ஆமாங்க."

"அப்போ இந்த 0.207 எங்கிருந்து எடுத்தீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எக்செல்லில் மறைத்து வைத்திருந்த ஒரு காலத்தை (நெடுவரிசையை) அன்றைக்குத்தான் திறந்தே பார்த்தேன். ஒரு யூனிட் கரண்டுக்கு 0.207 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அது பிரிட்டிஷ் அரசு அவர்கள் நாட்டு மின்சாரத்துக்கு அப்போது வெளியிட்டிருந்த எண். அங்கே மின்சாரம் பெரும்பாலும் எரிவாயு, காற்று, அணு. கடைசி நிலக்கரி மின்நிலையத்தையே 2024 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். நமக்குப் பெரும்பகுதி நிலக்கரி. நம் நாட்டு எண்ணை மத்திய மின்சார ஆணையம் வெளியிடுகிறது. நான் கணக்குப் போட்ட சமயத்தில் வந்திருந்த பதிப்பில் 2022-23க்கு 0.716. அதைப் போட்டால் 344 டன். நான் அனுப்பியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்தப் பெண் ஒரு கடுமையான வார்த்தை சொல்லவில்லை. மூன்று வாரத்தில் திருத்தி அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார். ஆனால் கார்பனைக் குறைத்துக் காட்டும் சப்ளையர் என்று எங்கள் பெயர் அவர்கள் மனதில் பதிந்திருக்குமோ என்று அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. கையெழுத்து என்னுடையது. முதலாளி திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நம்ம ஊரு கரண்டுக்கு லண்டன் கணக்கு எதுக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டார். இன்னும் அது காதில் நிற்கிறது.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்தது ஒன்றுதான். கம்பெனிகள் கார்பன் கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லும் ஜிஹெச்ஜி புரோட்டோகால் கார்ப்பரேட் ஸ்டாண்டர்டு, 2004-இல் திருத்தி வெளியிட்டது, இலவசமாக டவுன்லோடு செய்யக் கிடைக்கிறது. தினமும் ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு அதைப் படித்தேன். இங்கிலீஷ் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், ஆனால் புரியாத விஷயம் எதுவும் இல்லை. முதல் வேலையே எல்லையை முடிவு செய்வதுதான் என்கிறது. எந்த ஃபேக்டரி யூனிட் நம்முடையது, வாடகைக்கு எடுத்த கட்டிடம் சேருமா, பங்குக்கு வைத்திருக்கும் கம்பெனியை எவ்வளவு சேர்ப்பது. கோர்ஸில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்களுக்கு மூன்று யூனிட், அதில் ஒன்று வாடகை. நான் இரண்டுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

ஏசி கேஸ் கதை இன்னும் மோசம். ஏசியில் நிரப்பும் ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ ஒழுகினால் அது சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எங்கள் சாம்பிள் ரூமிலும் ஆபீஸிலுமாகச் சேர்த்து அந்த வருடம் 5 கிலோ நிரப்பியிருக்கிறோம், மெக்கானிக் பில் இருக்கிறது. ஜெனரேட்டரில் சுமார் 3,700 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம் அது. கோர்ஸில் ஏசி என்ற பேச்சே வரவில்லை. அயர்ன் பாய்லருக்கு விறகு எரிக்கிறோம் என்றதற்கு, "மரம் கார்பன் நியூட்ரல், விட்டுவிடுங்கள்" என்றார்கள். அப்படி விட முடியாது. விறகின் கார்பன் டை ஆக்சைடைத் தனியாகக் காட்ட வேண்டும், அதோடு வரும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-இல் சேரும்.

காற்றாலை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உடுமலைப் பக்கம் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. "காற்றாலை இருந்தால் ஸ்கோப் 2 பூஜ்யம்" என்று கோர்ஸில் சொன்னபோது பின் வரிசையில் சந்தோஷக் குரலே எழுந்தது. 2015-இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி இரண்டு எண் கேட்கிறது. ஒன்று, நம் கிரிட் (பொது மின்கட்டமைப்பு) சராசரிப்படி. இன்னொன்று, நாம் ஒப்பந்தம் போட்டு வாங்கும் மின்சாரத்தின்படி. காற்றாலை இரண்டாவதைத்தான் குறைக்கும். அந்தக் காற்றாலை மின்சாரத்துக்கான பசுமைச் சான்றிதழை வேறு யாருக்காவது விற்றிருந்தால் அதையும் நாம் உரிமை கொண்டாட முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சான்றிதழை டவுன்லோடு செய்துவிட்டதால் வாபஸ் கிடையாது என்று பதில் வந்தது. அந்த நிபந்தனை விளம்பரத்தில் எங்கேயும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், ஜிஎஸ்டி எண் இல்லாத ரசீதையும் சேர்த்து. புகார் நடப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை.

முதல் ஆயிரம் லிஸ்டட் கம்பெனிகளுக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயமாக்கியதிலிருந்து இந்த மாதிரி கோர்ஸ்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. எல்லாமே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுவதற்கு முன் போன் செய்து, தமிழ்நாட்டு மின்சாரத்துக்கு எந்த எண்ணை எடுப்பீர்கள், அது எந்த வருடத்துப் பதிப்பு, யார் வெளியிட்டது என்று கேளுங்கள். தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். "அதெல்லாம் கிளாஸில் வரும்" என்றால் வைத்துவிடுங்கள். உங்கள் ஈபி பில்லையும் டீசல் பில்லையும் கொண்டுவரச் சொல்கிறார்களா என்றும் பாருங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

என்னோடு அந்த ஓட்டலில் இருந்த மற்ற 59 பேருக்கும் ஒரு வார்த்தை. அந்த ஷீட்டை வைத்துப் பையருக்கோ பேங்குக்கோ கணக்கு அனுப்பியிருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே திருத்தி அனுப்புங்கள். அந்தக் கட்டம் மறைந்திருக்கும். டி காலத்துக்கும் எஃப் காலத்துக்கும் நடுவில் ரைட் கிளிக் செய்து அன்ஹைட் கொடுங்கள். போன வாரம் புது பேட்சில் சேர்ந்த ஒரு தங்கச்சி அவளுக்குக் கொடுத்த ஷீட்டை எனக்கு அனுப்பினாள். திறந்து பார்த்தேன். இன்னும் 0.207தான் இருக்கிறது.